முச்சந்தி முதல் ஜீப்ரா கிராஸிங் வரை... 'கடக்கும்' சொற்களின் கதை!

"செம்பட்டி இறங்குறவங்கல்லாம் வாங்க... பழனி போறவங்க இங்கயே மாறிக்கங்க!"

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, குமுளி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் குரல் பழகிய குரல். ஆத்தூர் தாலுகாவில் இருக்கும் செம்பட்டி பெரிய நகரமெல்லாம் இல்லை. ஆனால், இந்த வட்டாரத்தில் செம்பட்டியைத் தொடாமல் போவது சிரமம். ஒரு ரோடு திண்டுக்கல்லுக்கு, ஒரு ரோடு வத்தலக்குண்டுக்கு, ஒன்று நிலக்கோட்டை வழியாக மதுரைக்கு, இன்னொன்று ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு. நிலக்கோட்டைப் பூ மூட்டை, ஒட்டன்சத்திரம் காய்கறி லாரி, சின்னாளபட்டிச் சேலைக்கட்டு, கொடைக்கானல் போகும் டூரிஸ்ட் வேன் என எல்லாம் புழங்குகிற பகுதி. தைப்பூச சமயத்தில் இவற்றோடு, மதுரை பக்கமிருந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இப்படி ரோடுகள் கூடும் ஊரில் ஒரு நாளில் அதிகம் காதில் விழும் ஆங்கில வார்த்தைகளில் ஒன்று, 'கிராஸ்'. "பார்த்து கிராஸ் பண்ணும்மா", "வண்டி கிராஸ் ஆகுது, நில்லு", "அந்தப் பக்கம் கிராஸ் பண்ணி நின்னாதான் பஸ் நிக்கும்." பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பல் போன பாட்டி வரை எல்லோருக்கும் தெரிந்த இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? இதற்கு எத்தனை அண்ணன் தம்பிகள்? நம் தமிழில் இதற்கு ஈடான சொற்கள் என்ன கதை சொல்கின்றன? தேடிப் பார்த்தால், வெறும் வார்த்தை விளையாட்டாக முடியவில்லை. ரோடு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி வரைக்கும் போகிறது. வாங்க, ஒவ்வொன்றாகக் கடப்போம்!

தூக்குமரத்தில் பிறந்த 'கிராஸ்'

லத்தீன் மொழியில் 'குருக்ஸ்' என்றொரு சொல். குற்றவாளிகளைக் கட்டியோ அறைந்தோ கொல்லும் மரத்துக்குப் பெயர் அது. கிறிஸ்தவம் பரவியபோது அந்தச் சொல்லும் பரவியது. பழைய ஐரிஷ் மொழியில் 'கிராஸ்' ஆகி, கடலோடிகளான வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிக்குப் போய், அங்கிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துக்குள் வந்து சேர்ந்தது. அதுவரை ஆங்கிலேயர்கள் சிலுவைக்கு 'ரூட்' என்ற தங்கள் சொந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்.

முதலில் சிலுவை. பிறகு, சிலுவை வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் எல்லாமே கிராஸ். அதன் பிறகு, ஒரு கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு போவதுபோல, ரோட்டின் குறுக்கே மனிதன் போவதும் கிராஸ். 'தாங்க முடியாத வலி' என்பதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்குரூஷியேட்டிங்' என்று சொல்வார்கள் இல்லையா? அதற்குள் ஒளிந்திருப்பதும் அதே பழைய 'குருக்ஸ்' மரம்தான்.

சொகுசுக் கப்பலில் போகும் 'குரூஸ்' பயணமும் இதே குடும்பம்தான். டச்சு மொழியில் 'குறுக்கே போவது' என்ற பொருள் கொண்ட சொல், கடலில் இங்கும் அங்கும் குறுக்காகத் திரியும் கப்பலுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு சுவாரசியம், 'கிரிஸ் கிராஸ்'. குறுக்கும் நெடுக்குமாக என்று பொருள். இதன் முதல் வடிவம் 'கிரைஸ்ட் கிராஸ்'. அந்தக் காலத்து இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லித்தரும் பலகையில், 'ஏ' என்ற முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு சிலுவைக் குறி இருக்கும். அதனால் அகரவரிசைக்கே அந்தப் பெயர் வந்தது. நாம் எழுதத் தொடங்கும் முன் போடும் பிள்ளையார் சுழி மாதிரி! பக்தியாகத் தொடங்கிய சொல், காலப்போக்கில் உச்சரிப்பு தேய்ந்து, வெறும் கோடுகளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

'குறுக்கு' நம்ம ஊர் கிராஸ்!

ஆங்கிலத்தில் 'கிராஸ்' செய்யும் வேலையில் பாதியைத் தமிழில் 'குறுக்கு' செய்கிறது. கோர்ட்டில் 'கிராஸ் எக்ஸாமினேஷன்' என்றால் குறுக்கு விசாரணை. 'கிராஸ்வேர்டு' என்றால் குறுக்கெழுத்து.

இந்தக் குறுக்கெழுத்துக்கே ஒரு பிறந்தநாள் உண்டு. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் புதிரை வெளியிட்டார். அவர் வைத்த பெயர் 'வேர்டு கிராஸ்'. பிறகுதான் அது தலைகீழாகி 'கிராஸ்வேர்டு' ஆனது.

ஆனால், 'குறுக்கு' என்பது நமக்கு வெறும் திசை மட்டும் இல்லை. குறுக்கு வழி, குறுக்குப் புத்தி, குறுக்குக் கேள்வி எல்லாவற்றிலும் கொஞ்சம் எரிச்சல் தொனிக்கும். "பேசுறப்ப குறுக்கால பேசாத" என்று எத்தனை முறை வாங்கிக் கட்டியிருப்போம்? ஆங்கிலத்திலும் அப்படியே. 'ஷி இஸ் கிராஸ் வித் மீ' என்றால் 'என்மேல் கோபமாக இருக்கிறாள்' என்று பொருள். எதிர்த்து, குறுக்கே வருவது என்ற பொருளிலிருந்துதான் கோபம் என்ற பொருள் வந்தது. குறுக்கே வந்தால் எந்த ஊரிலும் யாருக்கும் பிடிக்காது போல!

மதுரை, திண்டுக்கல் பக்கம் 'குறுக்கு' என்றால் இன்னொரு பொருளும் உண்டு. "ரெண்டு நாளா குறுக்கு வலி தாங்கல" என்றால் இடுப்பு, கீழ்முதுகு வலி. உடம்பை நெடுக்காக வைத்துப் பார்த்தால் இடுப்பு குறுக்கேதானே இருக்கிறது!

'குரூஷியல்' என்றால் கைகாட்டி!

"திஸ் இஸ் எ குரூஷியல் மேட்ச்" என்று கிரிக்கெட் வர்ணனையாளர்கள் வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்வார்கள். இந்த 'குரூஷியல்' வந்த இடம் ரோடு சந்திப்புதான் என்றால் நம்புவீர்களா?

ஆங்கிலேயத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன், 1620-ல் வெளியான 'நோவும் ஆர்கனம்' என்ற லத்தீன் நூலில் ஒரு விஷயத்தை விளக்குகிறார். ஒரு கேள்விக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன, எது சரி என்று தெரியவில்லை. அப்போது ஒரே ஒரு சோதனை, 'இந்தப் பக்கம்தான் உண்மை' என்று காட்டிவிடுகிறது. அந்தச் சோதனைக்கு அவர், ரோடுகள் பிரியும் இடத்தில் வழிகாட்டுவதற்காக நட்டிருக்கும் குறுக்குக்கட்டை மரத்தின் பெயரையே உவமையாக வைத்தார். அதே 'குருக்ஸ்'. அங்கிருந்துதான் 'தீர்மானிக்கிற, முக்கியமான' என்ற பொருள் 'குரூஷியல்' சொல்லுக்கு வந்தது.

நம் ஊரில் அந்த மரத்துக்கு என்ன பெயர்? கைகாட்டி! கை நீட்டி வழி சொல்லும் பலகை. தமிழ்நாட்டில் பல இடங்களில் பஸ் நிறுத்தத்தின் பெயரே கைகாட்டி. அவிநாசி பக்கம் கைகாட்டிப்புதூர் என்று ஓர் ஊரே இருக்கிறது. பேக்கன் மட்டும் தமிழில் எழுதியிருந்தால், இன்று வர்ணனையாளர்கள் "இது கைகாட்டி மேட்ச்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நம் முழங்காலுக்குள்ளும் ஒரு கிராஸ் இருக்கிறது தெரியுமா? ஃபுட்பால், கபடி வீரர்களுக்கு அடிபட்டால் 'ஏசிஎல் கிழிந்துவிட்டது' என்பார்கள். அதில் நடுவே இருக்கும் 'சி' என்ற எழுத்து 'குரூஷியேட்' என்ற சொல்லைக் குறிக்கும். முழங்காலுக்குள் இரண்டு தசைநார்கள் எக்ஸ் வடிவத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போவதால் அந்தப் பெயர். ஆக, ரோட்டைக் கடக்க உதவும் காலுக்குள்ளேயே ஒரு கிராஸிங்!

சந்தி சிரிக்கிறது... 'ட்ரிவியா' பிறக்கிறது!

இப்போது 'ஜங்ஷன்' பக்கம் போவோம். லத்தீனில் 'சேர்ப்பது' என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்த சொல் இது. மாடுகளைச் சேர்த்துப் பூட்டும் நுகத்தடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'யோக்', சமஸ்கிருதத்தின் 'யோகம்', ரயில்வேயின் 'ஜங்ஷன்' மூன்றும் ஒரே ஆதி வேரின் கிளைகள். காலையில் மொட்டைமாடியில் செய்யும் யோகாவும் திண்டுக்கல் ஜங்ஷனும் தூரத்துச் சொந்தம்.

'சந்தி' என்பதும் 'ஒன்றாக வைப்பது' என்ற பொருள் கொண்ட சமஸ்கிருதச் சொல். ரோடு சேர்ந்தால் சந்தி. இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் 'க், ச், த், ப்' வந்தால் அதுவும் சந்தி. அதனால்தான் தமிழ் டீச்சர் சிவப்பு மையில் 'சந்திப்பிழை' என்று எழுதுகிறார். 'சாண்டி' என்ற உச்சரிப்போடு இந்தச் சொல்லை ஆங்கில மொழியியலும் கடன் வாங்கி வைத்திருக்கிறது. நாம் ஜங்ஷனை வாங்கினோம், அவர்கள் சந்தியை வாங்கினார்கள். கணக்கு சரி!

மூன்று ரோடு கூடினால் முச்சந்தி. லத்தீனில் 'ட்ரிவியம்'. 'ட்ரி' என்றால் மூன்று, 'வியா' என்றால் வழி. ரோமானியர் காலத்தில் முச்சந்தியில் நின்று பேசுகிற பேச்சு, அதாவது யார் வேண்டுமானாலும் பேசக்கூடிய சாதாரணப் பேச்சு, 'ட்ரிவியல்' ஆனது. 'அற்பமானது' என்ற இன்றைய பொருள் அப்படி வந்ததுதான். க்விஸ் நிகழ்ச்சிகளில் வரும் 'ட்ரிவியா' அதன் பிள்ளை.

நம்மிடமும் முச்சந்திக்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டு. "குடும்ப மானம் சந்தி சிரிக்குது" என்போம். வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம் ரோடு கூடும் இடத்துக்கு வந்து, நாலு பேர் வாயில் விழுந்துவிட்டால் அவமானம். ரோமானியருக்கு முச்சந்திப் பேச்சு அற்பம். நமக்கு அதுவே பெரிய பயம்.

ரோடு கூடும் இடத்துக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஒரு பெயர் என்பதையும் கவனித்திருப்பீர்கள். சென்னை, விழுப்புரம் பக்கம் 'கூட்ரோடு'. கோவை, ஈரோடு பக்கம் 'பிரிவு'. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கம் 'விலக்கு'. ஒரே மாதிரி இடம்தான். வடக்கே இருப்பவர்களுக்கு அங்கே ரோடு கூடுகிறது, மேற்கே இருப்பவர்களுக்குப் பிரிகிறது, நமக்கு மெயின் ரோட்டை விட்டு விலகுகிறது! யாழ்ப்பாணத்தில் இன்றும் 'சந்தி' என்பதுதான் பேச்சு வழக்கு. ஆரியகுளம் சந்தி என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். பெங்களூருக்குப் போனால் 'ஃபோர்த் கிராஸ், செகண்ட் மெயின்' என்று வீட்டு முகவரியிலேயே கிராஸ் வந்துவிடுகிறது.

ஆற்றைக் கடந்த மாடும், 'துறை'யும்

ரோடும் பாலமும் வருவதற்கு முன், கடப்பது என்றால் ஆற்றைக் கடப்பதுதான். ஆழம் குறைந்த, நடந்தே கடக்கக்கூடிய இடம் ஆங்கிலத்தில் 'ஃபோர்டு'. மாடுகள் ஆற்றைக் கடந்த இடம், ஆக்ஸ்ஃபோர்டு. உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழக ஊரின் பெயர் உண்மையில் 'மாட்டுத்துறை'தான்! துருக்கியில் ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் 'பாஸ்பரஸ்' நீரிணைக்கும் கிரேக்கத்தில் இதே பொருள், மாடு கடக்கும் இடம்.

ஃபோர்டு, படகில் கடக்கும் 'ஃபெர்ரி', துறைமுகம் என்ற பொருளில் வரும் 'போர்ட்', பஸ்ஸுக்குக் கொடுக்கும் 'ஃபேர்' எல்லாமே 'கடந்து போ' என்ற பொருள் கொண்ட ஒரே பழைய வேரிலிருந்து முளைத்தவை. 'ஃபேர்' முதலில் பயணத்தையே குறித்தது. பிறகுதான் பயணத்துக்கான காசைக் குறித்தது.

தமிழில் ஆற்றில் இறங்கவும் கடக்கவும் தோதான இடம், 'துறை'. மயிலாடுதுறை போன்ற ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. அதே சொல்தான் இன்று நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை என்று அரசு அலுவலகப் பலகைகளில் நிற்கிறது. ஆற்றில் எந்த இடத்தில் இறங்குவது என்பதுபோல, எந்த வேலையில் இறங்குகிறோம் என்பதும் துறை.

செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு தாண்டிப் போனால் 'காட்ரோடு' வரும். கொடைக்கானல் மலைக்கு ஏறும் ரோடு தொடங்கும் இடம். காட்டு ரோடு என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால், இது 'காட்' என்ற சொல். இந்தியிலும் மராத்தியிலும் ஆற்றுப் படித்துறைக்கும் மலைக்கணவாய்க்கும் அந்த ஒரே சொல். காசியின் படித்துறைகளும் 'காட்'தான், மும்பையிலிருந்து புனே போகும் மலைவழியும் 'காட்'தான். ஐரோப்பியர்கள் மலையைக் கடக்கும் வழியின் பெயரை மலைத்தொடருக்கே வைத்துவிட்டார்கள். அப்படித்தான் மேற்குத் தொடர்ச்சி மலை ஆங்கிலத்தில் 'வெஸ்டர்ன் காட்ஸ்' ஆனது.

தண்ணீரைக் கடக்கும் சொற்களில் தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சீதனமும் உண்டு. 'கட்டமரான்'! மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரம்தான் அது. சோழமண்டலக் கடற்கரையில் அதைப் பார்த்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697-ல் வெளியான தன் பயண நூலில் அதைப் பற்றி எழுதினார். இன்று 'கட்டமரான்' என்றால் இரண்டு உடல் கொண்ட நவீனப் படகு. கட்டவும் இல்லை, மரமும் இல்லை. பெயர் மட்டும் நம்முடையது.

கடவுச்சீட்டு, கடத்தல், கடவுள்

லத்தீனின் 'டிரான்ஸ்' என்றால் 'அந்தப் பக்கம்'. டிரான்ஸ்போர்ட், டிரான்சிட், டிரான்ஸ்ஃபர் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் போகிறது. 'டிரான்ஸ்லேட்' என்றால், ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பொருளைத் தூக்கிக்கொண்டு கடப்பது. 'டிரெஸ்பாஸ்' என்பதும் 'டிரான்ஸ்' திரிந்து வந்ததே. தாண்டிப் போவது என்று பொருள். தோட்டத்து வேலியில் 'அத்துமீறி நுழையாதீர்' என்று போர்டு வைக்கிறோமே, அதில் 'அத்து' என்றால் எல்லை. எல்லையை மீறுவது அத்துமீறல். இரண்டு மொழியும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கின்றன.

தமிழின் 'கட' என்ற வேர் இதைவிடப் பெரிய குடும்பஸ்தன். எல்லையைக் கடக்கக் காட்டுவது கடவுச்சீட்டு. ஈமெயிலுக்குள் நுழையக் கேட்பது கடவுச்சொல். மின்சாரத்தைக் கடக்க விடுவது மின்கடத்தி. ஆங்கிலத்தில் செம்புக் கம்பியும் 'கண்டக்டர்', பஸ்ஸில் விசில் ஊதுபவரும் 'கண்டக்டர்'. தமிழில் ஒன்று கடத்தி, இன்னொருவர் நடத்துநர். நல்லவேளை பிரித்தோம். பஸ் கண்டக்டரை 'கடத்துநர்' என்று அழைத்திருந்தால் கதையே வேறு! ஏனென்றால், 'கடத்தல்' என்றதும் நமக்குத் தங்கமும் ஆள்கடத்தலும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 'கடவுள்' என்ற சொல்லுக்கும், எல்லாவற்றையும் கடந்தும் உள்ளேயும் இருப்பவர் என்று விளக்கம் சொல்வது நம் மரபு.

இலங்கைத் தமிழில் இந்த வேர் இன்னும் உயிரோடு தெருவில் நடமாடுகிறது. அங்கே ரோட்டைக் கடக்கும் கோடு 'பாதசாரிக் கடவை'. மஞ்சள் கோடு போட்டிருப்பதால் பேச்சில் 'மஞ்சள் கடவை'. ரயில்வே கேட்டுக்குப் பெயர், 'ரயில் கடவை'. நாம் கிராஸிங், கேட் என்று சொல்லும் இடத்தில், அவர்கள் 'கடவை' என்று இரண்டே நொடியில் முடித்துவிடுகிறார்கள்.

நடப்பவன் பட்டிக்காட்டானா?

இப்போது கடக்கும் ஆளிடம் வருவோம். பாதயாத்திரை போகிறவரை ஆங்கிலத்தில் 'பில்கிரிம்' என்பார்கள். லத்தீனில் 'பெரெக்ரினஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'வயல்களைக் கடந்து வருபவர்' என்பது அதன் வேர்ப்பொருள். வெளியூர்க்காரர் என்று அர்த்தம். செம்பட்டி வழியே பழனிக்கு நடக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இரு பக்கமும் வயலும் தோப்பும்தான். அவர்கள் போகும் வழியில் இருக்கும் ஒட்டன்சத்திரத்தின் பெயரிலேயே 'சத்திரம்' இருக்கிறது. நடந்து வருபவர்களுக்குத் தங்க இடம் கொடுத்த காலத்தின் ஞாபகம்.

சாதாரணமாக நடந்து போகிறவர் 'பெடஸ்ட்ரியன்'. லத்தீனில் பாதத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் 'பாதசாரி'யில் இருக்கும் 'பாத'மும் அதுவும் ஆதியில் ஒரே வேர். ஆனால், ஆங்கிலத்தில் 'பெடஸ்ட்ரியன்' என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. 'சுவாரசியமற்ற, சாதாரணமான'. குதிரையில் போகிறவன் உசத்தி, நடந்து போகிறவன் மட்டம் என்ற பார்வை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அதைவிட மோசமானது 'ஜேவாக்கிங்'. கண்ட இடத்தில் ரோட்டைக் கடப்பதற்கு அமெரிக்காவில் வைத்த பெயர். 'ஜே' என்றால் அந்தக் கால அமெரிக்கப் பேச்சுவழக்கில் பட்டிக்காட்டான். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து, எப்படி நடப்பது என்று தெரியாமல் விழிப்பவன். 1900-களின் தொடக்கத்தில் கேலியாகப் பிறந்த இந்தச் சொல், 1920-களில் ஆயுதமாக மாறியது.

அப்போது அமெரிக்க நகரங்களில் கார்கள் பெருகி, நடந்து போகிறவர்கள், அதிலும் குழந்தைகள், அடிபட்டு இறந்துகொண்டிருந்தார்கள். மக்களின் கோபமெல்லாம் கார்கள்மீது. அதுவரை ரோடு என்பது நடக்கிறவர், விளையாடுகிற பிள்ளை, தள்ளுவண்டிக்காரர் என எல்லோருக்கும் பொது. கார் கம்பெனிகளும் கார் ஓட்டிகளின் சங்கங்களும் பேச்சையே திருப்பிப் போட்டன. 'தப்பு கார்மேல் இல்லை, ரோட்டைக் கடக்கத் தெரியாத ஜேவாக்கர்மேல்' என்று பிரசாரம் செய்தன. பள்ளிகளில் பாடம், தெருக்களில் கேலி, பிறகு சட்டம். இந்த வரலாற்றை பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரே ஒரு கேலிச்சொல், ரோடு யாருடையது என்ற கேள்விக்கான பதிலையே மாற்ற உதவியிருக்கிறது.

நூறு ஆண்டுகள் கழித்து அந்தச் சக்கரம் கொஞ்சம் திரும்புகிறது. கலிபோர்னியாவில் 2023 முதல், உடனடி ஆபத்து இல்லாதபோது ரோட்டைக் கடந்தவருக்குப் போலீஸ் அபராதம் போட முடியாது. நியூயார்க் நகரம் 2024-ல் ஜேவாக்கிங்கைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

நம் ஊர் ரோட்டில் காதில் விழுவதையும் யோசித்துப் பாருங்கள். குறுக்கே வந்தவரைப் பார்த்து, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?", "பட்டிக்காட்டான் மாதிரி போறான் பாரு!" ஆங்கிலம் தெரியாமலே நாமும் அதே 'ஜே'யைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊர்ப்பெயரிலேயே 'பட்டி' வைத்திருக்கும் நாம் அதைச் சொல்லலாமா?

வரிக்குதிரையும் கூழைக்கடாவும்

நடப்பவருக்கு ஆதரவாக வந்த சொற்களும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1934-ல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர் பெலிஷா, மக்கள் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டை வைத்த கம்பங்களை நிறுத்தினார். அதற்கு 'பெலிஷா பீக்கன்' என்று அவர் பெயரே வந்தது. கம்பம் இருந்தும் தரையில் இருக்கும் குறி ஓட்டுநர்கள் கண்ணில் சரியாகப் படவில்லை. வெவ்வேறு நிறக் கோடுகளைப் போட்டுச் சோதித்து, கடைசியில் கறுப்பு வெள்ளைப் பட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1951-ல் ஜீப்ரா கிராஸிங் அதிகாரபூர்வமாக அறிமுகமானது. பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் கல்லகன்தான், 'வரிக்குதிரை மாதிரி இருக்கிறதே' என்று சொல்லி அந்தப் பெயருக்குக் காரணமானவர் என்று ஒரு கதை உண்டு.

ஒரு மிருகத்தின் பெயர் வந்ததும் மிருகக்காட்சிசாலையே திறந்துவிட்டார்கள். பட்டன் அழுத்தி சிக்னல் மாற்றிக் கடக்கும் இடம் 'பெலிகன்', அதாவது கூழைக்கடா. 'நடப்பவர் விளக்கால் கட்டுப்படுத்துவது' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முன் எழுத்துகளைச் சேர்த்து, கொஞ்சம் வளைத்து உருவாக்கிய பெயர். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் சேர்ந்து கடக்கலாம் என்றால் 'டூகேன்' பறவை. ஆங்கிலத்தில் 'டூ கேன்' என்றால் இருவராலும் முடியும்! குதிரையில் வருபவரும் கடக்கலாம் என்றால், கிரேக்கப் புராணத்தின் பறக்கும் குதிரை 'பெகாசஸ்'.

நமக்கு அந்த ஒரு வரிக்குதிரையே போதும். ஆனால், அதற்கு ரோட்டில் மதிப்பு இருக்கிறதா? கோடு போட்டிருக்கும் இடத்தில் வண்டிதான் வேகம் குறைத்து, தேவைப்பட்டால் நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். இது யாரோ காட்டும் கருணை இல்லை. மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்லும் விதி. சிக்னலில் நிற்கும் வண்டியும் கோட்டின்மேல் ஏறி நிற்கக்கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? கையை நீட்டி, கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டே நடப்பவர்தான் கடக்கிறார்.

இதன் விலை என்ன என்பதை எண்களே சொல்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

ரயில் பாதையைக் கடப்பதற்கு ஆங்கிலத்தில் 'லெவல் கிராஸிங்'. ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திப்பதால் 'லெவல்'. நமக்கு அது எப்போதுமே 'கேட்'. "கேட் போட்டுட்டாங்க" என்றால் போதும், பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராஸிங்குகள் 2019 ஜனவரிக்குள் முழுமையாக நீக்கப்பட்டன. இருந்தும் ஆள் இருக்கும் கேட்டிலும் ஆபத்து தீரவில்லை என்பதை 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பார்த்தோம். கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது ரயில் மோதி 3 மாணவர்கள் உயிரிழந்தனர். கேட் பூட்டினால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும் என்ற 'இன்டர்லாக்கிங்' ஏற்பாடு அந்த கேட்டில் இல்லை. எல்லா கேட்டுக்கும் அது வேண்டும் என்ற குரல் வலுத்தது அதன் பிறகுதான்.

வீட்டில் சொல்லிக்கொடுங்கள்

பிள்ளைகளுக்கு 'கிராஸ்' என்ற சொல்லை நாம் முதலில் சொல்லித்தருவது ஸ்பெல்லிங் டெஸ்ட்டுக்காக இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கும்போதுதான். அப்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லலாம். ஒன்று, வலது பக்கம், இடது பக்கம், திரும்பவும் வலது பக்கம் பார்த்துவிட்டுக் கட. இரண்டாவது, வண்டி ஓட்டும் வயது வந்த பிறகு, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் பிரேக்கில் கால் வை. முதல் பாடத்தை எல்லா வீட்டிலும் சொல்கிறோம். இரண்டாவதை எத்தனை வீட்டில் சொல்கிறோம்?

வண்டிச் சாவியை எடுக்கும்போது நம் வீடுகளில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தின் 'ஃபேர்வெல்'லும் கிட்டத்தட்ட அதுவே. 'நல்லபடியாகப் பயணம் போ' என்பது அதன் பொருள். நாம் அதோடு திரும்பி வருவதையும் சேர்த்துக்கொண்டோம். ரோட்டைக் கடக்க நிற்கிற ஒவ்வொருவரும் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்தான். அடுத்த முறை ஹாரனில் கை போகும் முன், அது ஞாபகத்துக்கு வந்தால் போதும்.